பதினேழாம் விதையின் மேல் பழி

பூமயிலுக்குக் கோபம் வந்தால் குரல் உயராது, தணியும். அது தணியத் தணிய எதிரே நிற்பவர் ஓரடி பின்னால் நகர்வார். இரண்டாயிரத்து மூன்றாம் ஆண்டு, பங்குனி பிறந்து நாலாம் நாள் காலையில், மிளகாய்ப் பழம் பறித்துக்கொண்டிருந்தவள், தபால்காரர் நீட்டிய காகிதத்தை வரப்பில் நின்றபடியே ஒரு முறை படித்தாள். முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு மறுமுறையும் படித்தாள். பிறகு பக்கத்து நிரையில் குனிந்திருந்த ராக்குவிடம், காற்றுக்குக்கூடக் கேளாத குரலில் சொன்னாள்:

"ஏண்டி ராக்கு, நம்ம கருங்குதிரைவாலி உதிருமாம்டி."

ராக்கு அவளுக்கு நாத்தனார் முறை. வாய் அடங்காதவள். "உதிருமா? அதை மிதிச்சு மணி பிரிக்கிறதுக்குள்ள நம்ம குதிங்கால்ல தோலு உரிஞ்சு போகுது. எந்தக் கழுதை கத்துச்சு அப்படி?"

"குருநாதன். கையெழுத்துப் போட்டு அனுப்பியிருக்கான்."

ராக்கு நிமிர்ந்தாள். மதினியின் முகத்தைப் பார்த்தாள். அடுத்துச் சொல்லவிருந்த கேலியை விழுங்கிக்கொண்டாள்.

காகிதத்தில் இருந்தது இவ்வளவுதான்: 'எண் பதினேழு. கருங்குதிரைவாலி. மூன்று பாத்திகளின் சராசரி விளைச்சல் ஒரு கிலோ இருநூறு கிராம். கதிர் முற்றியதும் மணி உதிரும் குணமுடையது. காற்று மிகுந்த மலைச்சரிவுக்கு ஏற்றதன்று. நீக்கலாம்.' அதன் கீழே, மறுநாள் பதினொரு மணிக்கு இராமநாதபுரத்தில் விதைத் தேர்வுக் கூட்டம் என்றும், நிலம் கொடுத்தவர் விரும்பினால் வரலாம் என்றும் தட்டச்சில் கண்டிருந்தது.

விளைச்சல் குறைவு என்று எழுதியிருந்தால் அவள் வருந்தியிருப்பாள். உதிரும் என்று எழுதியதைத்தான் தாங்க முடியவில்லை. விளைச்சல் ஆண்டுக்கு ஆண்டு ஏறும், இறங்கும். அது வானத்தின் கையில் இருப்பது. உதிர்வது பிறவிக் குணம். வளர்த்த பெண்ணை ஒருவன் பார்க்க வந்து, உண்டு முடித்துக் கை கழுவிவிட்டு, தெருவில் இறங்கியதும் அவள் ஒழுக்கத்தைப் பற்றி ஒரு சொல் சொல்லிவிட்டுப் போனால் பெற்றவளுக்கு எப்படி இருக்குமோ, அப்படி இருந்தது பூமயிலுக்கு.

குருநாதன் நெடுங்கரைப்பட்டிக்கு முதன்முதலாக வந்தது சென்ற ஆவணியில். மண் அரித்துப்போய்க் கல் தெரியும் மலைச்சரிவுகளில், மழையும் ஏமாற்றும் ஆண்டுகளில், எந்தச் சிறுதானியம் நின்று விளையும் என்று சோதித்துப் பார்க்கும் திட்டம் ஒன்றில் அவன் களப் பணியாளன். இருபத்தெட்டு வயது, சட்டைப் பையில் நீங்காத பேனா, கண்டவர்களையெல்லாம் அக்கா என்றும் அண்ணே என்றும் அழைக்கும் இனிய நாக்கு. சவ்வாது மலையில் ஒரு சோதனைக் களம் போட்டாயிற்று. மலையினும் கடிய இடத்தில் இன்னொன்று போட வேண்டும் என்று கமுதிப் பக்கம் தேடிக்கொண்டு வந்திருந்தான். பூமயிலின் சரளை மேட்டைப் பார்த்ததும் அவன் கண் மலர்ந்தது. ஒரு முழம் தோண்டினால் மண்வெட்டி தீப்பொறி பறக்கவிடும் மேடு அது. "இங்கன பிழைக்கிறது எங்கன போட்டாலும் பிழைக்கும்க்கா" என்றான்.

அவள் கணவன் முனியசாமி வாலிநோக்கத்து உப்பளத்தில் வேலை செய்கிறவன்; வாரம் ஒரு நாள் வந்து போவான். நிலம் முழுவதும் அவள் பாடு. அவள் சம்மதித்தாள்; அவன் காட்டிய இடத்தில் கையெழுத்துப் போட்டாள். சாமை, தினை, பனிவரகு, குதிரைவாலி என்று பல ஊர்களிலிருந்து திரட்டிய இருபத்து மூன்று பொட்டலங்களை அவன் கொண்டுவந்தான். அவள் தன் கலயத்திலிருந்து அள்ளிக் கொடுத்தது இருபத்து நாலாவது. எண் மட்டும் வரிசைப்படி விழாமல் பதினேழு என்று விழுந்தது. ஒவ்வொரு விதைக்கும் மூன்று பாத்தி. எந்தப் பாத்தி எங்கே என்பதற்குச் சீட்டுக் குலுக்கிப் போட்டார்கள். இவற்றில் சிறந்த ஐந்து விதைகளைப் பெருக்கி மலைக்கு அனுப்புவார்கள். எஞ்சியவற்றுக்கு அத்துடன் கதை முடிந்தது. கலயத்தில் மிஞ்சிய கருங்குதிரைவாலியைப் பூமயில் தாழ்ந்த செய்யில் விதைத்தாள். கார்த்திகை மழை பொய்த்தது. அது முளையிலேயே கருகிற்று. ஊரில் மற்றவர்கள் மிளகாய்க்கும் பருத்திக்கும் மாறிப் பல காலம் ஆகிவிட்டது. ஆக, அந்த விதையின் குலம் முழுவதும் சரளை மேட்டில் மூன்று பாத்திக்குள் நின்றது.

எப்படி நின்றது! சுற்றிலும் சாமை சாம்பி, தினை தலைசாய்ந்து, பனிவரகு பழுப்பேறிக் கிடக்க, அது மட்டும் கரிய தண்டும் கருநீலக் கதிருமாய், பாறைமேல் நின்று மழையைக் கேட்கும் தவசியைப் போல நின்றது. தை பிறந்தபோது நெடுங்கரைப்பட்டி எல்லை முழுவதிலும் முற்றிய கதிர் என்று சொல்ல அந்த ஒரு மேட்டில் மட்டுமே இருந்தது.

அங்கேதான் வினை தொடங்கிற்று. ஊரில் எந்த நிலம் முதலில் முற்றுகிறதோ அந்த நிலத்தில் வீட்டுக்கு ஒரு பிடி கதிர் அறுத்து அய்யனாருக்குக் கட்டுவது நெடுங்கரைப்பட்டி வழக்கம். கதிர்ப்பிடி என்பார்கள். ஈசான மூலையில் கை வைக்க வேண்டும். கண்ணுக்கு எது நிறைந்து தெரிகிறதோ அதை அறுக்க வேண்டும். நிலத்துக்காரர் தடுக்கக் கூடாது. அறுத்ததை எண்ணக் கூடாது, நிறுக்கவும் கூடாது. பனைநாரில் கோத்துக் கோயில் தாழ்வாரத்தில் கட்டிவிட்டால் அடுத்த தை வரைக்கும் அது அய்யனாருடைய உடைமை. அவ்வாண்டு ஈசான மூலையில் சீட்டு விழுந்திருந்தது பதினேழுக்கு. ஐம்பத்து மூன்று வீட்டுப் பெண்களும் குளித்து முழுகி வந்து அறுத்தார்கள்.

குருநாதன் அன்று களத்தில்தான் இருந்தான். பதறிக்கொண்டு ஓடிவந்தான். "அக்கா, எடை போட்டுட்டுக் கட்டுங்கக்கா. ஒரு நிமிஷம்தான். தராசு கையில இருக்கு."

"சாமிக்குக் குடுக்கிறதைத் தராசுல வைக்கவா? உங்க ஊர்ல அப்படித்தான் பொங்கல் வைக்கிறீங்களா, அரிசியை நிறுத்து?" என்றாள் பூமயில்.

பூசாரி பால்சாமி சிரித்தார். பெண்கள் சிரித்தார்கள். குருநாதன் தராசைப் பையில் வைத்துக்கொண்டான். "சரிக்கா. விடுங்க. நான் பாத்துக்கிறேன்" என்றான். அய்யனார் வாசலில் பந்தி போட்டு இலையில் வைத்த பொங்கலை இரண்டு முறை கேட்டு வாங்கி உண்டான். மூன்றாம் நாள் அறுவடை முடிந்து, பாத்தி பாத்தியாக மணி பிரித்து நிறுத்து, எல்லாவற்றையும் சாக்கில் கட்டி அரக்கு முத்திரை வைத்து ஏற்றிக்கொண்டு போனான்.

நான் பாத்துக்கிறேன். அந்தச் சொல்லைத்தான் பூமயில் இப்போது வரப்பில் நின்று மென்றுகொண்டிருந்தாள்.

மறுநாள் முதல் பேருந்தில் இருவரும் புறப்பட்டார்கள். முதுகுளத்தூர் தாண்டும் வரை பூமயில் வாய் திறக்கவில்லை.

"மதினி, ஏதாவது பேசு. நீ பேசாம வந்தா பஸ்ஸே நகர மாட்டேங்குது."

"பேசுறதுக்குத்தான் போறேன்."

"அங்கன பெரிய பெரிய படிச்சவுக இருப்பாக. மெதுவாத்தான் பேசணும்."

"நான் எப்பவும் மெதுவாத்தான் பேசுவேன்."

"அதான் பயமா இருக்கு" என்றாள் ராக்கு.

கூட்டம் நடந்த கட்டடத்தின் வாசலிலேயே குருநாதன் அவர்களைப் பார்த்துவிட்டான். கையில் அடுக்கியிருந்த தேநீர்க் குவளைகளை ஜன்னல் விளிம்பில் வைத்துவிட்டு விரைந்து வந்தான்.

"அக்கா! இம்புட்டுத் தூரம் எதுக்கு வெயில்ல..."

"வரலாம்னு எழுதியிருந்தியே."

"சும்மா ஒரு மரியாதைக்கு எழுதுறதுக்கா அது."

"எங்களுக்கு அது எப்படிப்பா தெரியும்?" என்றாள் ராக்கு. "எங்க கதிரு உதிர்ந்து போச்சுன்னு எழுதியிருந்துச்சு. உன் நாக்கு உதிராம இருக்கான்னு பாத்துட்டுப் போகலாம்னு வந்தோம்."

அவன் சுற்றுமுற்றும் பார்த்தான். இருவரையும் வேப்பமரத்தடிக்கு அழைத்துப்போய்க் குரலை ஒடுக்கிக்கொண்டு சொன்னான். எடை போடுவதற்கு முன் ஒரு கதிர் களத்தை விட்டுப் போனாலும் அந்தக் களமே தள்ளுபடி, அது விதி. கோயிலுக்குக் கட்டினார்கள் என்று எழுதியிருந்தால் இருபத்து நாலு விதையும் போயிருக்கும். ஓராண்டு உழைப்பும் போயிருக்கும். நிலையில்லாத அவன் வேலையும் போயிருக்கும். மூலைப் பாத்தியில் முந்நூற்றைம்பது கிராம்தான் தேறிற்று. ஏன் குறைந்தது என்று எழுத ஒரு கட்டம் இருந்தது. அதில் ஏதாவது எழுதியாக வேண்டும்.

"குருவி தின்னுச்சுன்னு எழுதினா, காவலுக்கு ஆள் போடலையான்னு கேப்பாங்க. உதிர்ந்துச்சுன்னா யாரும் கேக்க மாட்டாங்க. ஒண்ணை விட்டு இருபத்து மூணைக் காப்பாத்தினேன்க்கா. உங்க களத்தையும்தான்."

"எதை விட்ட?"

காலடியில் கிடந்த வேப்பஞ்சருகை அவன் செருப்பால் தள்ளினான்.

"உன் வேலையை விட்டியா? உன் கையெழுத்தை விட்டியா? என் விதையோட பேரை விட்டிருக்க. அதுக்கு வாய் இல்ல. அதனால அதுமேல போட்ட."

"அக்கா, அன்னைக்கே எடை போட விட்டிருந்தீங்கன்னா..."

"அன்னைக்குச் சொன்னியா? நிறுக்கலைன்னா விதையைத் தள்ளிருவாகன்னு ஒரு வார்த்தை சொன்னியா? பாத்துக்கிறேன்னுதான சொன்ன?"

"உங்களுக்குச் சொன்னாப் புரியாது, சாமி விஷயம், வீணாச் சண்டை வரும்னு..."

பூமயிலின் குரல் அத்துடன் அடங்கிப்போனது. உதடு மட்டும் அசைந்தது; அருகில் நின்ற ராக்குவுக்கே பாதிதான் கேட்டது. "சொல்லியிருந்தா அன்னைக்கே சாமிகூடச் சண்டை போட்டிருப்பேன். எனக்கும் அவருக்கும் நடுவுல நின்னு எனக்குப் புரியாதுன்னு முடிவு பண்ண நீ யாருலே?"

குருநாதன் ஓரடி பின்னால் நகர்ந்தான். அவள் அவனைக் கடந்து உள்ளே போனாள்.

நீண்ட மேசையைச் சுற்றி இருபது பேருக்குக் குறையாமல் இருந்தார்கள். தலைமை வகித்தவர் திட்டத்தின் பொறுப்பாளர் டாக்டர் ஜெய்னுலாபுதீன், கீழக்கரைக்காரர். நரைத்த தாடியை அளவாகக் கத்தரித்திருந்தார். சிரிக்காத முகம், அதட்டாத குரல். அவருக்கு எதிரே, கம்பளிப் போர்வையை மடித்துத் தோளில் போட்டபடி ஒருவர் அமர்ந்திருந்தார். மலையிலிருந்து வந்த உழவர், பெயர் செங்கான் என்று யாரோ சொன்னார்கள். எந்த ஐந்து விதைகள் வரப்போகின்றன என்று பார்த்துவர அவரைத்தான் மலை ஊர்கள் அனுப்பியிருந்தன.

பெயர்களை டாக்டர் ஒவ்வொன்றாகப் படித்தார். ஐந்தாவது விதையின் சராசரி ஒரு கிலோ இருநூற்றைம்பது. பதினேழு ஐந்தில் இல்லை. ஏழாம் இடம் என்றும், உதிரும் குணம் என்றும் படித்துவிட்டு அவர் அடுத்த வரிக்குப் போனார்.

"உதிர்றது வேணாமுங்க" என்றார் செங்கான், கேட்காமலேயே. "எங்க ஊருக் காத்துல மனுசனே உதுந்துருவான்."

சிலர் சிரித்தார்கள். பூமயில் எழுந்து நின்றாள்.

"அய்யா, அந்தச் சராசரியைப் பிரிச்சு வாசிங்க."

டாக்டர் தலை நிமிர்த்தினார். "நீங்க?"

"நிலத்துக்காரி. விதைக்காரியும் நான்தான். மூணு பாத்தி எடையையும் தனித்தனியா வாசிங்க."

அவர் ஏட்டைப் புரட்டினார். "ஒரு கிலோ அறுநூறு. ஒரு கிலோ அறுநூற்றைம்பது. முந்நூற்றைம்பது..." அங்கே அவர் விரல் நின்றது. கண்ணாடியைக் கழற்றிவிட்டு மறுபடியும் பார்த்தார். "ஒரே விதை. ஒரே மேடு. ஒண்ணு மட்டும் எப்படி?"

"உதிர்ற விதைன்னா மூணுலயும்ல உதிரணும்? மூலையில நிக்கிறது மட்டும் உதிருமா அய்யா?"

  கதவோரத்தில் குருநாதன் சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றான். அவன் மறைத்ததை அவள் ஒரு வார்த்தையில் அவன்மேல் போட்டுவிட்டுத் தப்பியிருக்கலாம். அப்படிச் செய்யவில்லை. கதிர்ப்பிடியைச் சொன்னாள். ஐம்பத்து மூன்று கையைச் சொன்னாள். அவன் தராசோடு ஓடிவந்ததையும், அவள் அவனை ஏளனம் செய்து விரட்டியதையும் சொன்னாள். "நிறுக்க விடாதது என் தப்பு. அதை எங்கிட்டச் சொல்லாதது, சொல்லாம விதைமேல பழி எழுதினது இவன் தப்பு. ரெண்டு பேரும் பண்ணின தப்புக்கு அது போகணுமா?"

டாக்டரின் முகத்தில் இரக்கம் தெரியவில்லை. "உங்களுக்கு விதி தெரியுமா அம்மா? கையெழுத்துப் போட்டிருக்கீங்க. எடைக்கு முன்னாடி கதிர் களத்தை விட்டுப் போயிருந்தா நான் இந்தக் களத்தையே தள்ளணும். இருபத்து நாலும் போச்சு." குருநாதனைப் பார்த்தார். "உன்கிட்ட அப்புறம் பேசுறேன்."

"களத்தை விட்டு எங்க போச்சு?" என்றாள் பூமயில்.

"நீங்கதான சொன்னீங்க, கோயிலுக்குன்னு."

"கோயில் என் நிலத்துலதான் இருக்கு. ஈசான மூலையில. பாத்திக்கும் அதுக்கும் பதினஞ்சு எட்டுத் தூரம்."

டாக்டர் கண்ணாடியை மாட்டிக்கொண்டார். "கதிர் இன்னும் அங்கேயே இருக்கா?"

"வேற எங்க போகும்? அடுத்த தை வரைக்கும் அய்யனாரு மடியில தொங்கும். ஒரு கதிரைத் தொட எவனுக்கும் துணிச்சல் இல்ல."

"அப்ப எடை போடலாம்." அவர் அதை மிகச் சாதாரணமாகச் சொன்னார். "களம் தள்ளுபடி ஆகாது. விடுபட்ட எடையைச் சேர்த்துக் கணக்கை நேராக்கலாம். நீங்க சம்மதிச்சா ஜீப்பை எடுக்கச் சொல்றேன். சம்மதிக்கலைன்னா களத்தை நான் ரத்து பண்ணியாகணும்."

பூமயில் ராக்குவைப் பார்த்தாள். ராக்கு தரையைப் பார்த்தாள். அன்று களத்தில் சிரித்த சிரிப்பு இரண்டு பேருக்கும் நினைவுக்கு வந்தது.

"ஜீப்பை எடுக்கச் சொல்லுங்க" என்றாள் பூமயில்.

நெடுங்கரைப்பட்டியை அடைந்தபோது மணி மூன்று. வெயில் சரளை மேட்டின் மேல் நின்று எரிந்தது. அய்யனார் தகரக் கூரையின் கீழ், மண் மேடையில், ஒரு காலை மடித்து ஒரு காலைத் தொங்கவிட்டு அமர்ந்திருந்தார். அவர் முன்னே தாழ்வாரம் முழுவதும் பனைநார்க் கயிற்றில் ஐம்பத்து மூன்று கதிர்க்கட்டுகள். அறுபது நாள் வறண்ட காற்றில் ஆடியும் ஒன்றுகூட வெறுங்கதிராய்த் தெரியவில்லை. அவற்றின் நிழல் ஐம்பத்து மூன்று கருங்கோடுகளாய்த் தரையில் அசைந்தது.

செய்தி முன்னமே ஓடியிருந்தது. பூசாரி பால்சாமி வாசலை மறித்து நின்றார்.

"பூமயிலு, வேண்டாம்மா. சாமி பங்கைத் தராசுல ஏத்தினா ஊருக்கு மழை இல்ல."

"போன கார்த்திகையில மட்டும் பெஞ்சு கிழிச்சுதா?"

"வாயை அடக்கு!"

"அடக்கித்தான் பேசுறேன் சித்தப்பா. நகருங்க."

அவர் நகரவில்லை. அவளும் அவரைத் தள்ளவில்லை. அவர் தோளுக்கு மேலாக உள்ளே பார்த்தாள். பேசினாள். சிறு வயது முதல் நாள் தவறாமல் விளக்கேற்றிக் கைகூப்பி நின்ற இடத்தில், கை கூப்பாமல் பேசினாள்.

"அய்யனாரே, நான் உனக்குக் குறைச்சுக் குடுக்கலை. ஊர் காஞ்சு கிடந்த வருசத்துல, இருந்ததுல எது சிறப்போ அதைத்தான் உன் வாசல்ல கட்டினோம். அதுக்குக் கூலியா என் விதைக்கு உதிரின்னு பேர் வாங்கிக் குடுத்திருக்க. அவன் இங்கன உன் இலையில உக்காந்து தின்னுட்டுத்தான் போய் எழுதியிருக்கான். நீ பாத்துக்கிட்டுத்தான் இருந்த. இப்ப நான் உன் பங்கை நிறுக்கப் போறேன். உன்கிட்டருந்து பிடுங்க இல்ல. எவ்வளவு குடுத்தோம்னு உலகத்துக்குத் தெரியணும். தப்புன்னா என்னைக் கேளு. விதையையும் கேக்காத, ஊரையும் கேக்காத."

 பூசாரி விலகி நின்றார். விலகியதை யாரும் சம்மதம் என்று எண்ணிவிடக் கூடாது என்பதற்காக முகத்தை அப்பால் திருப்பிக்கொண்டார்.

பூமயில் குருநாதனைப் பார்த்தாள். "ஏலே, இங்க வா. உன் துண்டை அவிழ்த்து அடியில விரி. நீயே குலுக்கு."

"அக்கா..."

"குலுக்குறியா, இல்ல, அறுபது நாளு ஆட்டின காத்தைக் கூட்டியாந்து சாட்சி சொல்லச் சொல்லவா?"

அவன் துண்டை விரித்தான். கயிற்றின் நுனியைப் பற்றிக் குலுக்கினான். ஐம்பத்து மூன்று கட்டும் ஒன்றோடொன்று மோதிச் சலசலத்தன. செங்கான் குந்தி அமர்ந்து துண்டைத் தடவினார். கிடைத்ததை உள்ளங்கையில் வைத்து எண்ணினார்.

"ஏழு மணி" என்றார். பிறகு மெல்ல, "நல்லாக் குலுக்குங்க தம்பி. எங்க ஊருக் காத்து இன்னும் வேகமா அடிக்கும்."

குருநாதன் மீண்டும் குலுக்கினான். அவன் கண் கலங்கியிருந்தது. பூமயில் அதைக் கண்டாள். கண்டும் அவளுக்கு மனம் இளகவில்லை. துண்டில் மேலும் இரண்டு மணிகள் விழுந்தன.

தராசை ஜீப்பிலிருந்து எடுத்து மேடையில் வைத்தார்கள். பேட்டரியில் ஓடும் சிறிய தராசு. அதன்மேல் கதிரை வைக்க டாக்டர் கை நீட்டியபோது பூமயில் தடுத்தாள். "நான் வைக்கிறேன். பாவம்னா ஒரு கையோட போகட்டும்." ஒவ்வொரு கட்டாக அவிழ்த்தாள், வைத்தாள், எடுத்தாள், மீண்டும் நாரில் கோத்தாள். எவருடைய பிடி என்று அவளுக்குத் தெரிந்தது. ஒவ்வொன்றுக்கும் வீட்டுப் பெயரை வாய்க்குள் சொன்னாள். மொத்தம் இரண்டு கிலோ அறுநூற்று நாற்பது கிராம், தாளோடு.

"மணி எவ்வளவு தேறும்னு தெரியணும்" என்றார் டாக்டர். "எல்லாத்தையும் மிதிக்க வேண்டாம். ஒரு கட்டு போதும். அதை வச்சுக் கணக்குப் போட்டுரலாம்."

ராக்கு முன்னால் வந்தாள். "என் பிடியை எடுத்துக்கங்க. நான் அறுத்தது, எனக்கு உரிமை உண்டு." துண்டின் மேல் அதைப் போட்டுக் காலால் தேய்க்கத் தொடங்கினாள். தேய்த்தாள், தேய்த்தாள், மூச்சு வாங்கிற்று. "உதிரும் குணமாம், உதிரும் குணம். ஏப்பா குருநாதா, நீ எழுதினதை இதுகிட்டக் கொஞ்சம் வாசிச்சுக் காட்டேன். அதுக்குப் பயந்தாவது உதிருதான்னு பாப்போம்."

பால்சாமி திரும்பிய முகத்தோடேயே சிரித்துவிட்டார்.

ஐம்பது கிராம் கட்டில் இருபத்தைந்து கிராம் மணி. டாக்டர் ஏட்டை முழங்காலில் வைத்து எழுதினார். "சரிபாதி. ஆக, ஆயிரத்து முந்நூற்று இருபது. அதோட முந்நூற்றைம்பது. மூலைப் பாத்தி ஒரு கிலோ அறுநூற்று எழுபது." மூன்றையும் கூட்டி வகுத்தார். இன்னொரு முறை வகுத்தார். "சராசரி ஒரு கிலோ அறுநூற்று நாற்பது. முதல் இடத்துல இருந்த சாமையே ஆயிரத்து நானூற்று எண்பதுதான்." ஏட்டை மூடவில்லை. "இதுல ரெண்டு பேர் குற்றத்தையும் நான் எழுதத்தான் போறேன். எடை போட்ட விதத்தையும் எழுதுவேன். மேலே கேள்வி கேப்பாங்க. பதில் சொல்றது என் பொறுப்பு. அல்லாஹ் அறிய, கண்ணால கண்டதை இல்லைன்னு சொல்ல மாட்டேன். பதினேழு மலைக்குப் போகும்."

செங்கான் அந்த இருபத்தைந்து கிராமைப் போர்வை நுனியில் முடிந்துகொண்டார். "மூட்டை வர்றப்ப வரட்டும்" என்றார். "இதை நான் கையோட கொண்டுபோறேன். பேரு என்னங்கம்மா சொன்னீங்க? பதினேழா?"

"கருங்குதிரைவாலி. பதினேழுங்கிறது இவுக போட்டது."

அவர் அந்தப் பெயரை ஒரு முறை சொல்லிப் பார்த்துக்கொண்டார்.

பூமயில் கடைசிக் கட்டை நாரில் கோத்து முடித்தாள். ஐம்பத்து மூன்று இருந்த கயிற்றில் ஐம்பத்திரண்டு ஆடின. ராக்குவின் பிடி தொங்கிய இடம் ஒரு விரற்கடை வெறுமையாக இருந்தது. அதை அவள் நெருக்கிக் கட்டவில்லை, வெறுமையாகவே விட்டாள். பிறகு திரும்பினாள்.

"பேனா வச்சிருக்கியா?"

குருநாதன் சட்டைப் பையைத் தொட்டான். டாக்டர் ஏட்டை அவன் பக்கம் நீட்டினார். 'உதிரும் குணமுடையது' என்று அவனுடைய அழகிய கையெழுத்தில் இருந்தது. அவன் அதன் மேல் ஒரு கோடு இழுத்தான்; மெல்லிய கோடு; அடியில் எழுத்து முழுதும் தெரிந்தது.

"அக்கா, தப்புத்தான்க்கா. மனசுல வச்சுக்காதீங்க."

அவள் ஏட்டையே பார்த்தாள்.

"இன்னும் படிக்க முடியுது" என்றாள். "நல்லா அடி."

அவள் குரல் இன்னும் உயரவில்லை.